டார்ட்மூர்: மனிதர் ஆக்கிய மேட்டுநிலம்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், டெவன் மாவட்டத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் டார்ட்மூர், 954 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாக 1951இல் அறிவிக்கப்பட்டது. 'மூர்' என்பது மரங்கள் அற்று, குட்டைப் புதர்களும் கரடுமுரடான புற்களும் ஈரச் சதுப்புகளும் பரவிய, அமிலத்தன்மை மிக்க மேட்டுநிலத்தைக் குறிக்கும். ஆர்தர் கோனன் டாயில் தம் புகழ்பெற்ற துப்பறியும் நாவலான 'பாஸ்கர்வில்சின் வேட்டை நாய்' என்பதை இந்த நிலத்தில் நிகழ்வதாக எழுதி 1902இல் நூலாக வெளியிட்ட பின்னர், மனிதக் காலடி படாத, அச்சமூட்டும் வனாந்தரம் என்ற படிமமே டார்ட்மூரைப் பற்றி உலகெங்கும் பரவியது. ஆனால் கடந்த நூற்றாண்டில் நிலவியலும் தாவரவியலும் தொல்லியலும் தனித்தனியே சேர்த்த சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்கினால், இதற்கு நேர்மாறான முடிவே கிடைக்கிறது. டார்ட்மூரின் வெறுமை இயற்கை மட்டுமே தந்ததன்று. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீயும் மேய்ச்சலும் உழவும் சுரங்கத் தொழிலும் உருவாக்கியது. இந்த நிலத்தின் பாறையும் தாவரமும் தொல்சின்னமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை என்பதால், அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்துக் காக்க முயலும் எந்தத் திட்டமும் மற்ற இரண்டுக்கும் ஊறு செய்யக்கூடும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரானைட் என்னும் அடித்தளம்

ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, நிலப்பரப்பை எட்டாமலே உள்ளே குளிர்ந்து இறுகியது. அவ்வாறு இறுகிய கிரானைட் திரள், டார்ட்மூரில் தொடங்கிக் கார்ன்வால் வழியாகச் சில்லித் தீவுகள் வரை நிலத்தடியில் தொடர்ந்து செல்கிறது. அதன் மேலிருந்த பாறை அடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்ட பின், டார்ட்மூரில் ஏறத்தாழ 625 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிரானைட் வெளியே தெரியலாயிற்று. இதன் உச்சியான ஹை வில்ஹேஸ் 621 மீட்டர் உயரமுடையது. அருகிலுள்ள யெஸ் டோர் அதைவிட இரண்டு மீட்டரே குறைவு.

'டோர்' என்பது, குன்றின் தலையிலோ சரிவிலோ அடுக்கடுக்காக நிற்கும் தனிப் பாறைக்குவியலைச் சுட்டும் வட்டார வழக்கு. டார்ட்மூரில் இத்தகையவை 160க்கும் மேல் உள்ளன. இவை எவ்வாறு தோன்றின என்ற கேள்விக்கு நிலப்புறவியல் அறிஞர் டேவிட் லின்டன் 1955இல் இரண்டு கட்ட விளக்கம் ஒன்றை முன்வைத்தார். வெப்பமும் ஈரமும் மிகுந்த பண்டைக் காலத்தில், கிரானைட்டின் வெடிப்புக் கோடுகள் வழியே ஊறி இறங்கிய நீர் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிதைத்தது. வெடிப்புகள் நெருங்கியிருந்த இடங்களில் பாறை மணலாக உதிர்ந்தது, விலகியிருந்த இடங்களில் கெட்டியாக எஞ்சியது. பின்னர் வந்த கடுங்குளிர்க் காலத்தில் உதிர்ந்த பகுதி வழிந்தோட, எஞ்சிய பகுதி டோராக வெளிப்பட்டது என்பது அவர் கருத்து. 1962இல் பால்மர், நீல்சன் ஆகிய இருவரும் இதை மறுத்து, பனியுகத்தின் உறைதலும் உருகுதலுமே டோர்களைச் செதுக்கப் போதுமானவை என்று வாதிட்டனர். இரண்டு செயல்களும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் பங்காற்றியிருப்பதாகக் கொள்வதே களச் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

இறுதிப் பனியுகத்தில் பிரிட்டனின் பெரும் பனிப்படலம் டார்ட்மூரை எட்டவில்லை. வடக்கு மேட்டில் சிறு பனிமூடி ஒன்று இருந்ததற்கான தடயங்கள் மட்டுமே 2012இல் வெளியான ஓர் ஆய்வில் எடுத்துக்காட்டப்பட்டன. எனினும் ஆண்டு முழுதும் உறைந்து கிடந்த நிலத்தில் பாறைகள் பிளந்து சரிவுகளில் உருண்டன. 'கிளிட்டர்' என்று வட்டார மக்கள் வழங்கும் இந்தப் பாறைச் சிதறல்கள், பின்னாளில் இரண்டு வகைகளில் வரலாற்றைத் தீர்மானித்தன. உளியில்லாத மக்களுக்கு இவை தயார்நிலைக் கட்டுமானக் கற்களாயின. கால்நடை நுழைய முடியாத இடுக்குகளில் மரக்கன்றுகளுக்கு இவை புகலிடமாயின.

காடு அகன்ற வரலாறு

அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை முதலில் தடுக்கும் உயர்நிலங்களில் ஒன்றாதலால், டார்ட்மூரில் மழை மிகுதி. நடுப்பகுதியில் உள்ள பிரின்ஸ்டவுனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கிரானைட் நீரை எளிதில் உள்வாங்காது. அதன் மேலுள்ள மண்ணோ சத்துக் குறைந்தது, அமிலம் மிக்கது. நீர் தேங்கி ஆக்சிஜன் குன்றிய அம்மண்ணில் இறந்த தாவரங்கள் முழுதாக மக்காமல் படிந்து, 'பீட்' என்னும் கரிய கரிமண்ணாகத் திரள்கின்றன. இவ்வாறு மேட்டுநிலம் முழுவதையும் போர்த்தும் கரிமண் படலம் போர்வைச் சதுப்பு எனப்படும். இந்தப் படலம் பண்டைத் தாவரங்களின் ஆவணக் கிடங்கும் ஆகும். ஆண்டுதோறும் காற்றில் வந்து விழுந்த மகரந்தத் துகள்கள் அதில் அடுக்கடுக்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

அந்த அடுக்குகளை நுண்ணோக்கியில் ஆராயும் மகரந்தப் பகுப்பாய்வு, பனியுகம் முடிந்த பின் டார்ட்மூரின் பெரும்பகுதியை ஓக், ஹேசல், பிர்ச் முதலிய மரங்களின் காடு மூடியிருந்ததைக் காட்டுகிறது. வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த இடைக்கற்கால மக்களின் காலத்திலேயே, வடக்கு மேட்டின் கரிமண்ணில் எரிந்த கரித்துகள்கள் மரமகரந்தக் குறைவோடு சேர்ந்து தென்படத் தொடங்குகின்றன. காட்டின் மேல்விளிம்பை எரித்துத் திறந்த வெளியாக வைத்திருந்தால் இளந்தளிர் தேடி வரும் விலங்குகளை எளிதாக வேட்டையாடலாம் என்பதே இதற்கு ஆய்வாளர் பலர் கூறும் காரணம். புதிய கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் மேய்ச்சலும் பயிர்த்தொழிலும் இந்தத் திறப்பை விரிவாக்கின. மரங்கள் உறிஞ்சிய நீர் மண்ணிலேயே தங்க, சத்துகள் மழையில் கரைந்து கீழிறங்க, சதுப்பும் புதரும் பரவின. இன்றைய மூர் நிலம், தட்பவெப்பமும் மனிதச் செயலும் சேர்ந்து காட்டின் இடத்தில் தோற்றுவித்த ஒரு புதிய ஒழுங்கு.

இன்றைய தாவரங்கள்

அந்த ஒழுங்கை மூன்று வகை நிலங்களாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, நீர் வடியும் சரிவுகளில் உள்ள ஹீத் என்னும் குறும்புதர் நிலம். லிங் எனப்படும் ஹெதர் செடி இதன் முதன்மைத் தாவரம். அதனுடன் மணிப்பூ ஹெதரும், நீலக் கரும்பழங்கள் தரும் பில்பெரியும், மேற்கத்திய கோர்ஸ் என்னும் முட்புதரும் வளர்கின்றன. ஹெதரின் ஊதாவும் கோர்ஸின் மஞ்சளும் ஆகஸ்டில் ஒரே சரிவில் ஒன்றாகப் பூப்பது தென்மேற்கு இங்கிலாந்தின் மூர் நிலங்களில் காணும் சிறப்பான காட்சி. இக்கோர்ஸின் நெருங்கிய உறவான ஐரோப்பியக் கோர்ஸ் ஆங்கிலேயரால் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு, அம்மலையின் இயல்பான புல்வெளிகளை ஆக்கிரமிக்கும் அயல்தாவரமாகியுள்ளது. டார்ட்மூரிலோ கோர்ஸ் மண்ணுக்குரிய தாவரம், தீயும் மேய்ச்சலும் அதை அளவோடு நிறுத்தி வைக்கின்றன.

இரண்டாவது, உயர்மேட்டின் போர்வைச் சதுப்பு. இங்கே கரிமண்ணை ஆக்கும் தாவரம் ஸ்பேக்னம் என்னும் பாசி. தன் உலர் எடையைப் போல் பல மடங்கு நீரைத் தாங்கி நிற்கும் இது, சுற்றியுள்ள நீரையும் அமிலமாக்கி மக்குதலைத் தடுக்கிறது. வெண்பஞ்சுக் கதிர்கள் ஏந்திய பருத்திப்புல்லும், மஞ்சள் பூக்கள் தரும் சதுப்பு ஆஸ்ஃபோடலும் இதனிடையே வளர்கின்றன. சத்தற்ற மண்ணில் நைட்ரஜனைப் பெறுவதற்காகப் பசைத்துளிகள் பூத்த இலைகளால் பூச்சிகளைப் பிடிக்கும் செடி ஒன்றும் இங்குண்டு. தமிழ்நாட்டில் அழுகண்ணி என அறியப்படும் பூச்சியுண்ணும் செடியின் பேரினத்தைச் சேர்ந்தது அது. சதுப்பின் விளிம்பிலும் சீரழிந்த சதுப்பிலும் மொலினியா எனப்படும் ஊதா மூர்ப்புல் பெருங்குத்துகளாக வளர்கிறது. இலையுதிர் காலத்தில் அதன் இலைகள் வெளிறிக் காய்ந்து தரையில் அடர்ந்து படிவதால் வேறெந்தச் செடியும் எளிதில் முளைக்க இயலாது.

மூன்றாவது, காட்டின் எச்சங்கள். விஸ்ட்மன்ஸ் வுட், பிளாக் டோர் பியர், பைல்ஸ் காப்ஸ் ஆகிய மூன்று ஓக் தோப்புகள் மட்டுமே உயர்மேட்டின் பள்ளத்தாக்குகளில் எஞ்சியுள்ளன. இவற்றுள் மேற்கு டார்ட் ஆற்றின் சரிவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள விஸ்ட்மன்ஸ் வுட் மிகப் புகழ் பெற்றது. பெருங்கிரானைட் பாறைகளுக்கிடையே வேரூன்றி, காற்றால் முறுக்குண்டு குட்டையாக நிற்கும் இதன் ஓக் மரங்களின் கிளைகளை, பாசியும் பெரணியும் லைக்கன் என்னும் பூஞ்சை-பாசிக் கூட்டுயிரிகளும் இடைவெளியின்றிப் போர்த்துகின்றன. பனியுகத்தில் உருண்ட பாறைகளே ஆடுகளின் வாய்க்கு எட்டாதபடி கன்றுகளைக் காத்து இத்தோப்பை நிலைக்கச் செய்தன. 1964இல் சிறப்பு அறிவியல் முக்கியத்துவத் தலமாக அறிவிக்கப்பட்ட இத்தோப்பு, மேய்ச்சல் தளர்ந்த காலங்களில் பாறைகளுக்கு வெளியேயும் விரிந்திருக்கிறது. கால்நடை விலகினால் மூர் நிலம் மூராகவே நீடிக்காது என்பதற்கு இது கண்கூடான சான்று.

நிறுத்திய கற்கள்

டார்ட்மூரின் தொல்சின்னங்களில் பழமையானவற்றுள் ஒன்று, டிரூஸ்டெய்ன்டன் ஊருக்கு அருகே உள்ள ஸ்பின்ஸ்டர்ஸ் ராக் என்னும் புதிய கற்காலக் கற்திட்டை. மூன்று கற்கள் மீது ஒரு மூடுகல்லைத் தாங்கிய இது 1862இல் சரிந்து, அதே ஆண்டில் மீண்டும் நிறுத்தப்பட்டது. ஆயினும் இந்நிலத்துக்கே தனிச்சிறப்புத் தருபவை கல்வரிசைகள். சிறு கற்களை ஒற்றையாகவோ இரட்டையாகவோ கோடுபோல் நட்டு, பெரும்பாலும் ஒரு முனையில் ஈமக்குவையையும் மறுமுனையில் நெடுங்கல்லையும் கொண்டு அமைக்கப்பட்ட இத்தகைய வரிசைகள் 75க்கும் மேல் இங்கு அறியப்பட்டுள்ளன. எர்ம் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள வரிசை ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் நீளுகிறது. உலகில் அறியப்பட்ட மிக நீண்ட கல்வரிசைகளுள் இதுவும் ஒன்று. மெரிவேலில் ஏறத்தாழ 182 மீட்டரும் 263 மீட்டரும் நீளமுள்ள இரண்டு இரட்டை வரிசைகள் அருகருகே செல்ல, அவற்றுக்குத் தெற்கே கல்வட்டமும் மூன்று மீட்டருக்கு மேற்பட்ட நெடுங்கல்லும் நிற்கின்றன.

1890களில் சபைன் பேரிங்-கூல்ட், ராபர்ட் பர்னார்ட் முதலியோர் அடங்கிய டார்ட்மூர் ஆய்வுக் குழு முறையான அகழாய்வுகளைத் தொடங்கியது. 24 வட்டக் குடிசைகளின் அடித்தளங்களைத் தடித்த கற்சுவர் ஒன்று சூழும் கிரிம்ஸ்பவுண்ட் என்னும் வெண்கலக் காலக் குடியிருப்பை இவர்கள் வெளிப்படுத்தினர். டார்ட்மூர் முழுவதிலும் இத்தகைய வட்டக் குடிசைத் தளங்கள் ஏறத்தாழ 5,000 உள்ளன. இக்குழுவினர் சாய்ந்த கற்களை நிமிர்த்தியதும் இடிந்த சுவர்களை எழுப்பியதும் சின்னங்களை மக்கள் கண்ணுக்குக் கொண்டுவந்தன. அதே வேளையில் பண்டை அமைப்பையும் பிற்காலச் சீரமைப்பையும் பிரித்தறியும் சுமையை அடுத்த தலைமுறை ஆய்வாளர் மீது அவை ஏற்றின.

தொல்லியலின் பெருந்திருப்பம் 1970களில் நிகழ்ந்தது. மேட்டுநிலத்தின் குறுக்கே கிலோமீட்டர் கணக்கில் நீளும் 'ரீவ்' என்னும் தாழ்ந்த கல்வரப்புகளைப் பழைய பாதைகள் என்று முந்தைய ஆய்வாளர் பலர் எண்ணியிருந்தனர். அவற்றை நடந்து அளந்து வரைபடமாக்கிய ஆண்ட்ரூ ஃபிளெமிங், இவை கி.மு. 1500 அளவில் திட்டமிட்டுப் பிரிக்கப்பட்ட வெண்கலக் கால வயல் எல்லைகள் என்று நிறுவினார். 1988இல் வெளியான 'டார்ட்மூர் ரீவ்ஸ்' என்ற அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. இணைகோடுகளாகப் பள்ளத்தாக்குகளையும் தாண்டிச் செல்லும் இந்த வரப்புகள், நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் உரிமை ஒழுங்கொன்று அக்காலச் சமுதாயத்தில் நிலவியதற்குச் சான்று. உயர்மேட்டைப் பொதுமேய்ச்சலுக்கு விட்டு, சரிவுகளைக் கூறுபோட்டு உழுத அம்முறை, பின்னர் அமிலமேறிய மண்ணாலும் ஈரமும் குளிரும் மிகுந்த தட்பவெப்பத்தாலும் தளர்ந்தது. மக்கள் தாழ்நிலத்துக்கு இறங்கிய பின் எவரும் அங்கு ஆழ உழவில்லை என்பதாலேயே மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய வரப்புகள் இன்றும் எஞ்சியுள்ளன.

கரிமண் காத்த புதையல்

கல்லைவிடக் கரிமண்ணே சிறந்த காப்பாளர் என்பதை 2011ஆம் ஆண்டின் ஓர் அகழாய்வு மெய்ப்பித்தது. வடக்கு மேட்டில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் உள்ள வொயிட்ஹார்ஸ் ஹில்லில், அரிப்புக்கு உள்ளாகியிருந்த கரிமண் மேடொன்றின் பக்கத்தில் கற்பதுக்கை ஒன்று வெளித்தெரிந்தது. கற்பதுக்கை என்பது கற்பலகைகளால் பெட்டிபோல் அமைக்கப்பட்ட ஈமக்குழி. இதற்குள் கி.மு. 1730க்கும் 1600க்கும் இடைப்பட்ட காலத்தில் எரியூட்டப்பட்ட ஓர் இளவயதினரின் எலும்புகள், கரடித்தோலில் பொதியப்பட்டிருந்தன. உடன் வைக்கப்பட்டவற்றுள் பின்னிய கூடைப்பை, இருநூறுக்கும் மேற்பட்ட மணிகள், பசுமயிரால் பின்னி வெள்ளீயக் குமிழ்கள் பதித்த கைக்காப்பு, நெட்டில் என்னும் சொறிச்செடியின் நாரும் கன்றுத்தோலும் சேர்த்துத் தைத்த ஆடைத்துண்டு, ஸ்பிண்டில் மரத்தில் கடைந்த அணிகலன்கள் ஆகியவை அடங்கும். அம்பர் மணிகள் தொலைதூர வணிகத் தொடர்பையும், வெள்ளீயம் இப்பகுதியின் கனிமத் தொழிலின் பழமையையும் காட்டுகின்றன. நாரும் தோலும் மயிரும் ஈரமான, ஆக்சிஜனற்ற கரிமண்ணால்தான் பிழைத்தன. அக்கரிமண் உலர்ந்து சிதைந்திருந்தால் சில மணிகளும் எலும்புத் துகள்களுமே எஞ்சியிருக்கும். சதுப்பைக் காப்பதும் தொல்பொருளைக் காப்பதும் ஒரே பணி என்பதற்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு இல்லை.

வெள்ளீயமும் பொதுமேய்ச்சலும்

இடைக்காலத்தில் டார்ட்மூர் மீண்டும் ஆள்நடமாட்டம் மிக்க நிலமாயிற்று. ஹவுண்ட் டோருக்கு அருகில் அகழப்பட்ட சிற்றூரில், மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நீள்வீடுகளும், ஈரத் தானியத்தைச் சூடேற்றி உலர்த்தும் சூளைகளும் காணப்பட்டன. ஆற்றுப்படுகைகளில் வெள்ளீயத் தாதுவை நீரால் அலசிப் பிரிக்கும் தொழில் பெருகியதால், 1305இல் முதலாம் எட்வர்ட் மன்னர் அளித்த சாசனத்தின்படி டவிஸ்டாக், ஆஷ்பர்டன், சாக்ஃபோர்டு ஆகியவை வெள்ளீயத்தை எடைபோட்டு முத்திரையிட்டு வரி வசூலிக்கும் நகரங்களாயின. பின்னர் பிளிம்டன் சேர்க்கப்பட்டது. வெள்ளீயத் தொழிலாளரின் தனி மன்றம் குரோக்கர்ன் டோர் என்னும் பாறைமேட்டில் திறந்தவெளியில் கூடியது. அலசி ஒதுக்கிய கழிமண் மேடுகள் இன்றும் பள்ளத்தாக்குகளின் வடிவத்தையே மாற்றி நிற்கின்றன. 1820இல் ஹேட்டோர் கல்லுடைப்புக் களத்திலிருந்து கிரானைட்டாலேயே தண்டவாளம் அமைத்துக் குதிரை வண்டிப் பாதை திறக்கப்பட்டது; 1831இல் திறக்கப்பட்ட லண்டன் பாலத்துக்கும் அக்கல் சென்றது.

1337இல் கார்ன்வால் டச்சி என்னும் அரசகுல நிலவுடைமை உருவாக்கப்பட்டபோது நடு டார்ட்மூர் அதன் பகுதியாயிற்று. எனினும் நிலம் ஒருவருக்குச் சொந்தமாயினும் அதில் ஆடு, மாடு, மட்டக்குதிரை மேய்க்கும் உரிமை சுற்றுப்புறப் பண்ணையாளர்களுக்கு உண்டு என்ற பொதுமேய்ச்சல் முறை நீடித்து வந்தது. 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டம் இம்முறையை நெறிப்படுத்தப் பண்ணையாளர் மன்றம் ஒன்றை நிறுவியதோடு, பொதுமக்கள் பொதுநிலத்தில் நடந்து மகிழும் உரிமையையும் உறுதி செய்தது. அந்த உரிமையில் நில உடைமையாளரின் அனுமதியின்றி இரவில் கூடாரமிட்டுத் தங்குவதும் அடங்குமா என்ற வழக்கில், அடங்கும் என்று ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

காக்கும் பொறுப்பு

இன்றைய டார்ட்மூரின் சிக்கல், மேய்ச்சலை எவ்வளவு வைத்திருப்பது என்பதைச் சுற்றியே அமைந்துள்ளது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தலைக்கணக்கில் அளித்த மானியத்தால் ஆடுகள் அளவுக்கு மீறிப் பெருகின. குளிர்காலத்திலும் மேட்டிலேயே விடப்பட்ட அவை ஹெதரைத் தின்று தீர்த்தன. பின்னர் சூழல் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் எண்ணிக்கையைக் குறைத்தபோது, வெற்றிடத்தை ஹெதர் நிரப்பவில்லை. காற்றிலிருந்து படிந்த நைட்ரஜனும் அடிக்கடி வைத்த தீயும் பழைய வடிகால்களும் ஏற்கெனவே வலுப்படுத்தியிருந்த மொலினியா புல் பல இடங்களைக் கைப்பற்றியது. டேவிட் ஃபர்ஸ்டன் தலைமையிலான சுதந்திர ஆய்வுக் குழு 2023 டிசம்பரில் அளித்த அறிக்கை இப்புல்லின் ஆதிக்கத்தை முக்கியச் சிக்கலாக எடுத்துக்காட்டி, அதை மேயவல்ல மாடுகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் உள்ள பங்கை வலியுறுத்தியது. எண்ணிக்கையைப் போலவே எந்த விலங்கு, எந்தப் பருவத்தில், எந்தச் சரிவில் மேய்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

தொல்சின்னங்களும் இதே கணக்கில் அடங்கியுள்ளன. மேய்ச்சல் அறவே நின்றால் கோர்ஸும் பிராக்கன் என்னும் பெரணியும் கல்வரிசைகளை மூடிவிடும். பிராக்கனின் தடித்த நிலத்தடித் தண்டுகள் புதைந்த அடுக்குகளைக் குலைக்கும். மேய்ச்சல் மிகுந்தால் குளம்புகள் கற்களின் அடிமண்ணைத் தோண்டிச் சாய்க்கும். இதை உணர்ந்தே, மேய்ச்சல் உரிமையாளரும் அரசு அமைப்புகளும் சேர்ந்து 2005 அளவில் வகுத்த 'டார்ட்மூர் விஷன்' என்னும் பொதுநோக்கு, தொல்லியலுக்கு முதலிடம் தரவேண்டிய 14 நிலப்பகுதிகளைக் குறித்தது. அரிக்கப்பட்ட ஓடைகளை அடைத்து நீரைத் தேக்கிக் கரிமண்ணை மீண்டும் ஈரமாக்கும் பணிகளும் நடைபெறுகின்றன. அவற்றையும் புதைந்த சின்னங்களை முன்கூட்டி ஆராய்ந்த பின்னரே செய்ய வேண்டியுள்ளது.

டார்ட்மூரை மனிதர் தொடாத வனாந்தரமாக எண்ணி அதை 'இயற்கையிடம் விட்டுவிடு' என்பதும், மேய்ச்சல் மரபு என்பதால் அதில் எதையும் மாற்றக்கூடாது என்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டும் நிலத்தின் வரலாற்றை ஏதோ ஒரு கணத்தில் நிறுத்தப் பார்க்கின்றன. உரிய தலங்களில் காடு மீள இடம் விட்டு, சதுப்புகளில் நீரைத் திரும்பத் தேக்கி, தொல்சின்னப் பகுதிகளில் அளவான மேய்ச்சலைத் தொடரச் செய்வதே சான்றுகள் காட்டும் வழி. அவ்வழியை நடத்த வல்லவர்கள் தலைமுறைகளாக அந்தச் சரிவுகளை அறிந்த மேய்ச்சல் குடும்பங்களே. அவர்களுக்கு உரிய வருவாயும் முடிவெடுப்பில் இடமும் தராத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் டார்ட்மூரில் நிலைக்காது.